இரை பக்கத்தில் இருந்தால் மீன் அலையுமா?

கேள்வி: ஆற்று மீன்கள் ஒரே இடத்தில் சுற்றுமா, இரை தேடி நெடுந்தூரம் போகுமா?

பதில்: இரண்டும் உண்டு. ட்ரவுட் மீனைப் பாருங்கள், நீரோட்டம் பூச்சிகளை அடித்துக்கொண்டு வரும் இடமாகப் பார்த்து ஒரு கல்லுக்குப் பின்னால் நின்றுகொள்ளும், எதிர்நீச்சல் போடும் சக்தியும் மிச்சம், இரையும் தானாக வருகிறது, அப்புறம் அது ஏன் அலையப்போகிறது? அந்த இடத்துக்காக மற்ற மீன்களை விரட்டவும் செய்யும். இரை குறைந்தால் மீன் சுற்றித் திரியும் பரப்பு பெரும்பாலும் விரியும். ஆனால் நீந்தவே சக்தி செலவாகுமே, அதனால் கடுங்குளிரில் பல மீன்கள் அசையாமல் கிடந்தே நாளைக் கடத்தும். வெள்ளம் வந்தால் கதையே வேறு: கரை தாண்டி, மூழ்கிய புல்வெளிக்குள் புகுந்து புழு, விதை, பூச்சி என்று மேயும். கரையை உயர்த்திக் கட்டி அந்த வழியை அடைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.