பில்லி பிரஸ்டன்: பக்கவாத்தியமாக அமர்ந்த பெருங்கலைஞர்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகைகளான சோல், ஃபங்க் ஆகியவற்றின் கீபோர்டு கலைஞர் பில்லி பிரஸ்டனைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள். பல ஆண்டுகளாகத் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவன் நான். எனக்கு இவர் ஆசான்.

கேள்வி: ஐயா, இவர் பெயரையே இப்போதுதான் கேட்கிறேன். எங்கே, யாரிடம் கற்றார்?

பதில்: 1946இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தார். தாயார் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். அவர் மடியில் உட்கார்ந்து விசைகளைத் தொட்டபோது பில்லிக்கு வயது மூன்று. முறையாக யாரிடமும் பாடம் கேட்கவில்லை. பத்து வயதில் புகழ்பெற்ற பக்திப் பாடகி மஹாலியா ஜாக்சனுக்கு ஆர்கன் வாசித்தார். பதினொன்றில் பாடகர் நாட் கிங் கோலின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருடன் சேர்ந்து பாடினார்.

கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பாடுபவர் எந்த வரியை எத்தனை முறை திருப்பிப் பாடுவார் என்று யாருக்கும் தெரியாது. போதகர் பேசும்போதே ஆர்கன் இடையில் பதில் சொல்ல வேண்டும். அங்கே காதுதான் முதல் கருவி. பில்லியின் பிற்காலத் திறமை அத்தனையும் அங்கே முளைத்தது.

கேள்வி: பீட்டில்ஸ் குழுவில் இவர் ஐந்தாவது ஆளாக இருந்தாரா, அண்ணா?

பதில்: இங்கிலாந்தின் நால்வர் ராக் குழுவான பீட்டில்ஸில் இவர் உறுப்பினராக இருந்ததில்லை. அவர்களை முதலில் சந்தித்தது 1962இல், ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் பயணக் குழுவில் ஆர்கன் வாசிக்க ஐரோப்பா போனபோது. அப்போது பில்லிக்குப் பதினாறு வயது.

1969 ஜனவரியில் லண்டன் வந்திருந்தார். பீட்டில்ஸ் நால்வருக்குள்ளும் கசப்பு முற்றியிருந்த நேரம் அது. அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் கோபித்துக்கொண்டு வெளியேறித் திரும்பியிருந்தார். ஜனவரி 22 அன்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்த பில்லியை, எலெக்ட்ரிக் பியானோ முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சண்டை அடங்கிவிடுமே, அப்படித்தான் அங்கும் ஆனது. நால்வரில் இன்னொருவரான ஜான் லெனன் இவரை நிரந்தரமாகவே சேர்த்துக்கொள்ளலாம் என்றார். எட்டே நாளில், ஜனவரி 30 அன்று, நடந்த மொட்டைமாடிக் கச்சேரியிலும் பில்லி வாசித்தார். ‘கெட் பேக்’ பாட்டு தனி இசைத்தட்டாக (சிங்கிள்) வெளிவந்தபோது இசைத்தட்டின் மேல் பீட்டில்ஸ் பெயருடன் இவர் பெயரும் அச்சாகியிருந்தது.

அந்தப் பாட்டில் பியானோ தனியாக வரும் இடத்தைக் கேளுங்கள். வேகம் காட்டவே மாட்டார். சின்னச் சின்னத் துணுக்குகள், நடுவில் இடைவெளி. பாட்டு எங்கே மூச்சுவிட வேண்டுமோ அங்கே விரலை எடுத்துவிடுவார். நம் ஊரில் நல்ல பக்கவாத்தியக்காரரைப் பற்றி என்ன சொல்வோமோ, அதை ஒரு சொல்கூட மாற்றாமல் இவருக்குச் சொல்லலாம்.

கேள்வி: பில்லியின் ‘அவுட்டா ஸ்பேஸ்’ பாட்டில் கேட்பது கிட்டாரா? எத்தனை முறை கேட்டாலும் பிடிபடவில்லை.

பதில்: கிட்டார் இல்லை. ஜெர்மனியின் ஹோனர் நிறுவனம் செய்த கிளாவினெட் என்ற மின் கீபோர்டு. ஆனால் உங்கள் காது உங்களை ஏமாற்றவில்லை, அதற்குள்ளே உண்மையிலேயே கம்பிகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு விசையின் அடியிலும் ஒரு ரப்பர் முனை. அழுத்தினால் அது கம்பியைத் தட்டிப் பிடித்துக்கொள்ளும். எலெக்ட்ரிக் கிட்டாரில் இருப்பது போன்ற பிக்கப் அந்த அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும். விரலை எடுத்த மறுகணம், கம்பியின் ஒரு முனையில் சுற்றியிருக்கும் நூல் ஒலியை அடக்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு சுரமும் வெட்டினாற்போல் நிற்கிறது.

பில்லி அதை வா-வா பெடல் வழியாகச் செலுத்தினார். பாதத்தை முன்னும் பின்னும் அசைத்தால் வாய் திறந்து மூடுவது போல ஒலி மாறும். கைகள் தாளக்கருவி வாசிப்பது போல விசைகளைத் தட்ட, கால் அந்த ஒலியைப் பேசவைக்கும். ஸ்டூடியோவில் சக கலைஞர்களுக்கு அடுத்த கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) எது என்று வாயால் சொல்லிக்கொண்டே மனோதர்மமாக வாசித்த உருப்படி இது. நிறுவனத்துக்கு நம்பிக்கை இல்லாததால் இசைத்தட்டின் மறுபக்கத்தில் போட்டார்கள். வானொலிக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். 1972இல் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம், பிறகு கிராமி விருது.

கேள்வி: ‘யூ ஆர் சோ பியூட்டிஃபுல்’ ஜோ காக்கரின் பாட்டுத்தானே?

பதில்: பாடிப் புகழ்பெற்றவர் இங்கிலாந்துப் பாடகர் காக்கர். எழுதியவர்கள் பில்லியும் புரூஸ் ஃபிஷரும். முதலில் பதிவுசெய்தவரும் பில்லிதான், 1974இல்.

கேள்வி: நம் கலைஞர்களுடன் இவருக்குத் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. 1974 நவம்பர், டிசம்பரில் ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய வட அமெரிக்கப் பயணத்தில் பில்லியும் இருந்தார், ரவிசங்கரின் இந்திய இசைக்குழுவும் இருந்தது. அந்தக் குழுவில் வயலின் எல். சுப்ரமணியம், மிருதங்கம் டி.வி. கோபாலகிருஷ்ணன். கர்நாடக இசையும் ஃபங்க்கும் ஒரே மேடையில், ஒரே மாலையில்! அந்த அக்டோபரில்தான் பில்லியின் ‘நத்திங் ஃப்ரம் நத்திங்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது. ஹாரிசனின் குரல் கட்டிப்போயிருந்த பல இரவுகளில், பில்லி பாட எழுந்தபோதுதான் அரங்கம் எழுந்தது.

கேள்வி: சிறைக்குப் போனாராமே?

பதில்: போனார். கொக்கெய்ன் பழக்கம் அவரை விழுங்கியது. 1997இல், நன்னடத்தை நிபந்தனைகளை மீறியதற்காகச் சிறைத் தண்டனை பெற்றார். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. வெளியே வந்து மீண்டும் வாசித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: முதலில் எதைக் கேட்கலாம், ஐயா? என் மகள் கீபோர்டு கற்கிறாள்.

பதில்: சோல் பாடகர் சாம் குக்கின் ‘நைட் பீட்’ இசைத்தொகுப்பு, 1963. ஆர்கன் வாசிக்கும் பில்லிக்கு வயது பதினாறுதான். குக் ஒரு வரி பாடி முடித்ததும் ஆர்கன் எத்தனை தாழ்ந்த குரலில் நுழைகிறது, அடுத்த வரி தொடங்குமுன் எப்படி ஒதுங்குகிறது என்று மகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். பாட்டை நிறுத்தி நிறுத்தி, ஆர்கன் வராத இடங்களை அவள் எண்ணட்டும்.

பிறகு 2002 நவம்பர் 29 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடந்த ஹாரிசன் நினைவுக் கச்சேரியைப் பாருங்கள். ‘மை ஸ்வீட் லார்ட்’ ஹாரிசன் எழுதிய பாட்டு. ஆனால் 1970இல் ஹாரிசனின் பதிவுக்கும் முன்பே வெளிவந்தது பில்லி பாடிய பதிவு. அந்த இரவிலும் அதைப் பாடியவர் பில்லிதான். அதே ஆண்டில் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. 2006 ஜூன் 6 அன்று, ஐம்பத்தொன்பது வயதில் மறைந்தார். ஆர்கன் முன்னால் உட்கார்ந்து நண்பனுக்காக அவர் குரலெடுக்கும் அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் கண் கலங்குகிறது.