ஃபார் ப்ரெத்தோனும் கிளாஃபூட்டியும் ஒன்றுதானா? வீட்டில் ஃபார் செய்தால் ஏன் ரப்பர் மாதிரி வருகிறது?

ஒன்றல்ல, ஆனால் நெருங்கிய சொந்தம். இரண்டும் ஓவனில் சுடும் பிரெஞ்சு இனிப்புகள். இரண்டிலுமே மைதா, முட்டை, பால், சர்க்கரைதான். கிளாஃபூட்டி பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள லிமூசன் ஊர்களின் பண்டம். அதில் கருஞ்செர்ரிதான் பிரதானம். கொட்டையை எடுக்காமல் போடுவார்கள், சுடும்போது லேசான பாதாம் வாசனை இறங்கும்.

ஃபார் பிரான்சின் வடமேற்கு மூலையில் இருக்கும் பிரிட்டனி (இங்கிலாந்து இருக்கும் பிரிட்டன் அல்ல) பகுதிக்காரர்களுடையது. அதில் பாலும் மாவும்தான் விஷயம். உலர்ந்த பிளம் போடுவது இன்று வழக்கமாகிவிட்டாலும், பழமே இல்லாத ஃபாரும் உண்டு. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும், பால் மணம் தனியாகத் தெரியும். இனிப்பில்லாத ஒன்றும் அங்கே இருக்கிறது: பக்வீட் என்ற தானியத்தின் மாவைக் கரைத்துத் துணிப்பையில் கட்டி, இறைச்சியோடு சேர்த்துக் கொதிக்கும் சாறில் வேகவைப்பார்கள். பெயர் கிக் ஹா ஃபார்ஸ்.

சரி, ரப்பர் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் மாவை அதிகம் அடிப்பதுதான் காரணம். அடிக்க அடிக்க மைதாவில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இறுகும். மிக்சி வேண்டாம். மைதா 200 கிராம், சர்க்கரை 150 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, முட்டை 4. கரண்டியால் கட்டியில்லாமல் கலந்து, பால் 750 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மாவு மோர் போல நீர்க்க இருக்கும், பயந்து மைதா சேர்த்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் இறுக்கம் தளரும். அப்புறம் வெண்ணெய் தாராளமாகத் தடவிய தட்டில் ஊற்றி, ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் போல சுடுங்கள். வெறும் முட்டை கஸ்டர்டைத் தண்ணீர்த் தட்டில் வைத்துச் சுட வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துபோகும். இதில் மைதாவின் மாவுச்சத்து முட்டையைக் காப்பாற்றுகிறது, அதனால் நேரடிச் சூடு தாங்கும். மேல்பகுதி நன்றாகக் கருஞ்சிவக்கட்டும், அந்தத் தோலின் கசப்பு உள்ளே இருக்கும் இனிப்புக்கு அவசியம்.

வெண்ணெய் கட்டாயம் உப்பு போட்டதாக இருக்கட்டும். மன்னராட்சிக் காலத்தில் பிரான்சின் பெரும்பகுதியில் உப்புக்குக் கடும் வரி இருந்தது, விலக்கு பெற்ற சில பகுதிகளில் பிரிட்டனியும் ஒன்று. 1790இல் அந்த வரி ஒழியும்வரை வரி கட்டிய ஊர்க்காரர்கள் உப்பை எண்ணிச் செலவழிக்க, இவர்கள் வெண்ணெயிலேயே தாராளமாகப் போட்டார்கள். அந்தப் பழக்கம் இன்றுவரை மாறவில்லை.

இன்னொன்று, சூடாக வெட்டாதீர்கள். ஆறினால்தான் மாவுச்சத்து இறுகித் துண்டு நிற்கும். காலையில் செய்து மாலையில் சாப்பிடுங்கள்.