நிலவேம்புச் சாறு பச்சைப் பிசினாகவே நிற்கிறதா?

கேள்வி: நிலவேம்பு இலையிலிருந்து அதன் கசப்புச் சேர்மமான ஆண்ட்ரோகிராஃபோலைடைப் பிரிக்கிறேன். மெத்தனால் சாற்றைச் சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாயில் (column) இருமுறை ஓட்டியும் பச்சைப் பிசின்தான் வருகிறது, படிகம் விழவில்லை. கிடைத்தபின் அதுதான் என்று எப்படி உறுதிசெய்வது?

இந்தச் சேர்மத்துக்குப் பிரிப்புக் குழாயே வேண்டாம். இலையில் இது தாராளமாக இருக்கிறது. டொலுவீன் என்ற கரைப்பானில் கிட்டத்தட்டக் கரையாது. பச்சையமோ நன்றாகக் கரையும். அந்த வேறுபாடு போதும்.

நிழலில் உலர்த்திய இலைத்தூள் 100 கிராமை டைகுளோரோமீத்தேன், மெத்தனால் சம அளவு கலந்த கரைப்பானில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். இன்னும் இருமுறை புதுக் கரைப்பானில் ஊறவையுங்கள். மூன்றையும் சேர்த்து, குறைந்த அழுத்தத்தில் 40 டிகிரிக்குள் ஆவியாக்குங்கள். எஞ்சும் கரும்பச்சைத் திரளைச் சிறிது சிறிதாக டொலுவீன் விட்டுக் கலக்கி இறுத்துவிடுங்கள். கழுவிவரும் டொலுவீன் நிறமற்று வரும்வரை நிறுத்தக்கூடாது. பிசின் படிகமாதலைத் தடுக்கும் என்பதால், அவசரப்படுபவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். எல்லாம் ஆய்வகத்தின் ஆவி உறிஞ்சும் கூண்டுக்குள் (fume hood) நடக்கட்டும்.

மீந்த திடப்பொருளைக் கொதிக்கும் மெத்தனாலில், கரையும் அளவுக்கு மட்டும் ஊற்றிக் கரைத்து, சூட்டோடு வடிகட்டிக் குளிரில் வையுங்கள். மெத்தனால் கூடிப்போனால் ஒன்றும் விழாது. பாதியாக வற்றவைத்து மீண்டும் முயலுங்கள். மங்கல் நிறம் மிஞ்சினால் கரித்தூள் ஒரு சிட்டிகை போதும். அள்ளிப் போட்டால் அது உங்கள் பொருளையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். தண்டு கலந்த தூளிலும், விதை முற்றியபின் பறித்த இலையிலும் விளைச்சல் சரியும்.

அடையாளம் காண டிஎல்சி (மென்படலத் தட்டில் பிரித்துப் பார்க்கும் சோதனை) புள்ளியை மட்டும் நம்பவேண்டாம். குளோரோஃபார்ம், மெத்தனால் 9:1 கலவையில் தர மாதிரியோடு (தூய ஆண்ட்ரோகிராஃபோலைடு) அருகருகே ஓட்டுங்கள். உருகுநிலை 230 டிகிரியை ஒட்டி, குறுகிய இடைவெளியில் வரவேண்டும்.

மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் (மூலக்கூறின் நிறையை அளக்கும் சோதனை) ஏமாற ஓர் இடம் உண்டு. மூலக்கூறு நிறை 350. சோடியத்தோடு 373 வரும். புரோட்டான் ஏற்று நீரை இழந்தால் 333 தெரியும். இலையிலிருந்து உடன் வரும் உறவுச் சேர்மமான 14-டீஆக்ஸி-11,12-டைடீஹைட்ரோஆண்ட்ரோகிராஃபோலைடின் நிறை 332, புரோட்டானோடு அதுவும் 333! இங்கே புறஊதா நிறமாலைதான் தீர்ப்புச் சொல்லும்: ஆண்ட்ரோகிராஃபோலைடு 225 நானோமீட்டர் அருகே உச்சம் காட்டும், மற்றது 250 அருகே.

என்எம்ஆருக்கு (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை) டியூட்டரியம் ஏற்றிய டிஎம்எஸ்ஓ கரைப்பானை எடுங்கள். குளோரோஃபார்மில் சரியாகக் கரையாது. 6.6 பிபிஎம்-இல் லாக்டோன் வளையத்தை ஒட்டிய இரட்டைப்பிணைப்பின் ஹைட்ரஜன், 4.6, 4.8-இல் வெளிமெத்திலீனின் இரு ஒற்றைகள், கார்பன் நிறமாலையில் 170-இல் கார்போனைல், இவை நான்கும் இருக்கவேண்டும்.