தெருவும் அலுவலகமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நடைபாதையில் பதித்த மஞ்சள் ஓடுகளில் சிலவற்றில் நீளக் கோடுகள், சிலவற்றில் புள்ளிகள். வழுக்காமல் இருக்கத்தானே?

பதில்: இல்லை. பார்வையற்றவர்கள் பாதத்தாலும் கைத்தடியாலும் தொட்டறியும் வழிகாட்டி அது. நீளக் கோடு இருந்தால் அந்தத் திசையில் நடக்கலாம். புள்ளி வந்தால் நிற்க வேண்டும். எதிரே சாலை விளிம்போ, படிக்கட்டோ, ரயில் நடைமேடையின் ஓரமோ, வழி பிரியும் இடமோ இருக்கிறது. ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கியது இது. 1967-இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதித்தார்கள்.

நிறத்துக்கும் வேலை உண்டு. பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பலருக்கு ஓரளவு பார்வை இருக்கும். சாம்பல் தரையில் மஞ்சள் பட்டை அவர்கள் கண்ணுக்குத் தெரியும். அழகுக்காகத் தரையின் நிறத்திலேயே ஓடு பதித்தால் பாதிப் பயன் போயிற்று. அதைவிட ஆபத்து, குழாய் வேலைக்காகத் தோண்டியபின் ஓட்டைத் திருப்பிப் பதிப்பது. கோடு குறுக்கே திரும்பினால், நம்பி வருபவரைச் சாலைக்குள்ளேயே கொண்டுபோய் விடும். நாம் செய்யக்கூடியது ஒன்று: வண்டி நிறுத்தும்போது அந்தப் பட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டடி விடுங்கள். கைப்பிடி நீட்டிக்கொண்டு நின்றாலும் இடிக்கும்.

கேள்வி: பாதி சாலை கடப்பதற்குள் பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கிவிடுகிறது. வயதான அம்மாவை அழைத்துப்போகப் பயமாக இருக்கிறது.

பதில்: மினுங்கினால் 'புதிதாக இறங்காதே' என்று அர்த்தம். ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிக்கத்தான் அந்த நேரம். அகலத்தை நடை வேகத்தால் வகுத்து அதைக் கணக்கிடுகிறார்கள். விநாடிக்கு 1.2 மீட்டர் என்பது நெடுங்காலமாகப் புழங்கும் அளவு. 12 மீட்டர் சாலைக்கு 10 விநாடி ஆகிறது. விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 15 விநாடி வேண்டும். அந்த 5 விநாடிதான் உங்கள் பயம். அது நியாயமான பயம். அமெரிக்க வழிகாட்டு விதி 2009-இல் இந்த வேகத்தை ஏறத்தாழ 1.07 மீட்டராகக் குறைத்தது.

ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பச்சையைப் பார்த்து இறங்காதீர்கள். அடுத்த பச்சைக்குக் காத்திருந்து, அது விழுந்த கணத்திலேயே இறங்குங்கள். நடுவில் திட்டு இருந்தால் இரண்டு தவணையாகக் கடக்கலாம். சாலையின் அகலத்தையும் மினுங்கும் விநாடிகளையும் செல்பேசியில் அளந்து போக்குவரத்துத் துறைக்கு எழுதுங்கள். "நேரம் போதவில்லை" என்ற மனுவைவிட எண்ணோடு போகும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கேள்வி: எங்கள் குழுவில் ஐந்து நாட்டுக்காரர்கள். கூட்ட நேரமும் தேதியும் அடிக்கடி குழம்புகின்றன. யார் மேல் தப்பு?

பதில்: பெரும்பாலும் எழுதிய விதத்தில்தான் தப்பு. 05/06 என்றால் ஒருவருக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். கோப்புப் பெயர்களில் 2025-06-05 என ஆண்டை முதலில் போட்டால் வரிசையும் தானாகவே சரியாக வரும்.

நேர மண்டலச் சுருக்கங்களைக் கைவிடுங்கள். 'ஐஎஸ்டி' இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொது. 'சிஎஸ்டி' சீன நேரமாகவும் இருக்கலாம், அமெரிக்க மத்திய நேரமாகவும் இருக்கலாம். ஊர் பெயரைச் சொல்லுங்கள்: 'லண்டன் நேரம் காலை 9'.

மார்ச் மாதம்தான் பெரிய வில்லங்கம். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகின்றன. இடைப்பட்ட இரண்டு, மூன்று வாரம் இருவருக்கும் உள்ள இடைவெளியே மாறிவிடும். அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் மறுபடி இதே கூத்து. வாராந்தரக் கூட்டத்தை நாள்காட்டி அழைப்பாக அனுப்பி, எந்த ஊர் நேரத்துக்குக் கட்டுப்பட்டது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். 'வெள்ளி நள்ளிரவு 12-க்குள்' என்பதும் வேண்டாம். வியாழன் இரவா, வெள்ளி இரவா? 'வெள்ளி 23:59' என்றால் சண்டை இல்லை.

கேள்வி: சக ஊழியரின் பெயரில் எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

பதில்: சீன, கொரிய, வியட்நாம், ஹங்கேரியப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். வியட்நாமியரைக் கடைசிச் சொல்லால்தான் அழைப்பார்கள். ஸ்பானியர்களுக்கு வழக்கமாக இரண்டு குடும்பப் பெயர். மியான்மரில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அங்கே பெயரின் ஒரு துண்டை வெட்டிக் கூப்பிட்டால் அது வேறு யாரோ. ஆகவே முதல் நாளே "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேளுங்கள். உச்சரிப்பைத் திரும்பச் சொல்லிக் காட்டித் திருத்தச் சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். சொல்ல வரவில்லையென்று நீங்களாகச் சுருக்கப் பெயர் வைப்பதுதான் வருத்தும்.

கேள்வி: பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் தங்கள் மொழியிலேயே பேசிக்கொள்கிறார்கள். மேலாளரிடம் சொல்லலாமா?

பதில்: ஓய்வுப் பேச்சென்றால் விட்டுவிடுங்கள், அது அவர்கள் உரிமை. வேலைப் பேச்சு உங்களைப் பாதிக்கிறதென்றால் முதலில் அவர்களிடமே கேளுங்கள்: முடிவு எதுவானாலும் பொது மொழியில் இரண்டு வரி எழுதி குழு முழுவதற்கும் அனுப்பச் சொல்லுங்கள்.