76 வயதில் கீமோ தாங்குமா?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு வயது 76. தோட்டத்தில் பல வருஷம் பால் மரம் வெட்டியவர். பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. மூன்று மாதத்தில் 5 கிலோ குறைந்துவிட்டார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கீமோ கொடுக்கலாம் என்கிறார்கள். சொந்தக்காரர்களோ, "இந்த வயசுல எதுக்கு?" என்கிறார்கள். தாங்குவாரா? இன்னும் எவ்வளவு காலம் இருப்பார்?
– ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: வயதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது, சொந்தக்காரர்களும் சரி, டாக்டர்களும் சரி. 76 வயதில் ஒருவர் தனியாகச் சந்தைக்குப் போய் வருவார். இன்னொருவருக்கு நாற்காலியை விட்டு எழவே கை கொடுக்க வேண்டும். இருவருக்கும் ஒரே புற்றுநோய் என்றாலும், மருந்தைத் தாங்கும் சக்தியும் மிச்சமுள்ள காலமும் ஒன்றாக இருக்காது.

இந்தத் தளர்ச்சியை அளக்க முடியும். வீட்டில் 4 மீட்டர் தூரத்துக்குக் கோடு போட்டு, அம்மாவை வழக்கம்போல் நடக்கச் சொல்லிக் கைப்பேசியில் நேரம் பாருங்கள். 5 விநாடிக்கு மேல் ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூட்டு வலியாலும் நடை மெதுவாகும், அதனால் இது ஒன்றை வைத்தே பயந்துவிட வேண்டாம். என்னைக் கவலைப்பட வைப்பது அந்த 5 கிலோதான். பசியில்லையா, பல் செட் சேரவில்லையா, மனம் சோர்ந்துவிட்டாரா என்று பாருங்கள். வெறும் கஞ்சி போதாது. முட்டை, மீன், பருப்பு சேர வேண்டும்.

கீமோ தொடங்குமுன் முதியோருக்கான முழு மதிப்பீடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். நடை, சாப்பாடு, ஞாபகம், மற்ற நோய்கள், மருந்துகள், வீட்டில் யார் துணை என எல்லாவற்றையும் பார்ப்பார்கள். 2021-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய புற்றுநோயுள்ள 70 வயது தாண்டியவர்களுக்கு இப்படி மதிப்பிட்டு, அதை டாக்டர்களிடம் கொடுத்தார்கள். மதிப்பீடு டாக்டர் கைக்குப் போகாத குழுவில் 71 விழுக்காட்டினருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது, போன குழுவில் 51 விழுக்காட்டினருக்குத்தான். இந்தக் குழுவில் பலருக்குக் குறைந்த அளவில் மருந்து தொடங்கியும், ஆறு மாதம் உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

எவ்வளவு காலம் என்பதை ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்வது நியாயமில்லை. சிகிச்சை எடுத்தால் வாரங்களா, மாதங்களா, வருஷங்களா, எடுக்காவிட்டால் எப்படி என்று ஆஸ்பத்திரி டாக்டரிடமே கேளுங்கள். எந்த முடிவானாலும் வலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மையைத் தணிக்கும் பராமரிப்பை (palliative care) இப்போதே தொடங்கலாம். கீமோ வேண்டாம் என்றால் கைவிட்டதாக அர்த்தமில்லை.

அப்புறம், உங்கள் கடிதத்தில் எல்லாருடைய கருத்தும் இருக்கிறது, அம்மாவுடையது இல்லை. நோய் இன்னதென்று அவருக்குத் தெரியுமா? கூடுதல் நாள்களுக்காக ஈப்போவுக்கு அலையத் தயாரா, இல்லை வீட்டிலேயே வலியில்லாமல் இருக்க விரும்புகிறாரா? அடுத்த அப்பாயின்மென்டுக்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.