கொரோனா முடக்கத்தில் ஓய்வூதியர்களின் கற்றல் வட்டம் கலையாமல் இருக்க என்ன செய்தீர்கள்?

கேட்டவர் கூடவே ஒரு விளக்கமும் எழுதியிருக்கிறார். லண்டனில் அவருடைய அத்தை, ஓய்வு பெற்றவர்கள் கூடிப் படிக்கும் ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ ஒன்றில் அங்கத்தவராம். 2020இல் அவர்களுடைய வகுப்புகள் எல்லாம் சூமுக்குப் போய்விட்டனவாம். இலங்கையில், அதுவும் கொழும்புக்கு வெளியே, வயதான ஆட்களிடம் இப்படி ஏதும் நடந்ததா என்பது கேள்வி.

நடந்தது. ஆனால் சூமில் இல்லை. எங்களுடையது மிஸ்ட் கோலிலும் ஒரு சீ.ஆர். கொப்பியிலும் (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி) நடந்தது.

நான் மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் இருக்கிறேன். தபால் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்து, தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் இன்னும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் வட்டத்துக்குப் பெயரும் இல்லை, பதிவும் இல்லை. வியாழக்கிழமை நாலு மணிக்கு வாசிகசாலையின் பின் அறையில் கூடுவோம், அவ்வளவுதான். 23 பேர். ஓய்வு பெற்ற மிஸ்ஸி (தாதி) ஒருவர், விவசாயப் போதனாசிரியர் ஒருவர், காத்தான்குடியிலிருந்து வரும் கணித சேர், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கூத்துப் பழக்கிய அண்ணாவியார், டீச்சர்மார் ஏழெட்டுப் பேர். ஒரு கிழமை சேர் வட்டிக் கணக்கு விளங்கப்படுத்துவார், மறு கிழமை மிஸ்ஸி சீனி வருத்தத்தில் கால் பார்க்கிற விதம் சொல்லுவா.

லண்டன் அத்தையின் அமைப்பும் கிட்டத்தட்ட இதுதான். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் அது தொடங்கியபோது ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒட்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் பீட்டர் லாஸ்லெட் என்ற வரலாற்றாசிரியரும் வேறு சிலரும் கேம்பிரிட்ஜில் அதை மாற்றி, அங்கத்தவர்களே ஒருவருக்கொருவர் படிப்பிக்கட்டும் என்றார்கள். அவர்கள் யோசித்து அந்த முடிவுக்கு வந்தார்கள். நாங்கள் ஆளைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் அதே முடிவுக்கு வந்தோம்.

2020 மார்ச் 19 வியாழக்கிழமை கடைசியாகக் கூடினோம். அதற்கு முன்பே வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை எங்கள் மாவட்டத்துப் புணானைக்குக் கொண்டுவந்து தனிமைப்படுத்தத் தொடங்கியிருந்ததால் இங்கே பயம் கொஞ்சம் முந்தியே வந்துவிட்டது. அன்றைக்கு வந்தது பதினொரு பேர். “அடுத்த வியாழன் பாப்பம்” என்று சொல்லித்தான் பிரிந்தோம். மறுநாள் பின்னேரம் நாடு முழுக்க ஊரடங்கு.

சூம் நாங்களும் முயன்றோம். கனடாவில் இருக்கும் ஒரு டீச்சரின் மகன் எல்லாம் ஆயத்தம் செய்து தந்தான். 23 பேரில் ஸ்மார்ட் போன் இருந்தது ஒன்பது பேரிடம், உள்ளே வந்து சேர்ந்தது ஆறு பேர். அதிலும் ஒருவருடைய நெற்றி மட்டும்தான் தெரிந்தது. இலவசமாகத் தருவது நாற்பது நிமிடம். எங்கள் ஆட்களுக்குச் சுகம் விசாரித்து முடியவே நாற்பது நிமிடம் வேண்டும். அண்ணாவியார் மத்தளத்தை எடுத்துத் தட்டினார், எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கை ஆடுகிறது, சத்தம் இல்லை. அந்தச் செயலி மத்தளத்தை இரைச்சல் என்று எடுத்து வெட்டிவிடுகிறது. கணினியில் ‘அசல் ஒலி’ என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டால் வெட்டாது என்று பிறகு அந்தப் பையன் சொன்னான். அதற்குள் மனுசன் மனம் உடைந்து போனை வைத்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து பாடவும் முடியாது. குரல் ஆளுக்கு ஆள் அரைச் செக்கன், ஒரு செக்கன் பிந்தி வருவதால் பாட்டு சந்தை இரைச்சலாகிவிடும். மூன்றாம் கிழமையோடு விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு சும்மா ஆளுக்காள் கோல் எடுத்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். இதில்தான் பிழை நடந்தது. நாவற்குடாவில் தனியே இருந்தார் ஒருவர், நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவராக இருந்தவர், மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியில். அவ்வளவாகக் கதைக்காத மனுசன். குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் கண்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய், திரும்பி வந்தும்விட்டார். எங்கள் யாருக்கும் தெரியாது. ஒன்பது நாள். மிஸ்ஸி கதைப்பா என்று நான் நினைத்தேன். மாஸ்டர் கதைப்பார் என்று மிஸ்ஸி நினைத்தா. நான் கோல் எடுத்தபோது அவர் சொன்னது: “என்ன மாஸ்டர், ஊரடங்கு எனக்கு மட்டுமா?” அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு இருந்து ஒரு கடதாசியில் 23 பெயரையும், வீடுகள் இருக்கும் ஒழுங்கில், தபால்காரருக்கு விநியோகப் பாதை போடுவதைப் போல எழுதினேன். காலை ஆறரைக்கு நான் அடுத்தவருக்கு மிஸ்ட் கோல். அவர் எனக்குப் பதில் எடுக்கத் தேவையில்லை, தனக்கு அடுத்தவருக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தால் போதும். சுற்றிவந்து ஏழரைக்குள் எனக்கு மிஸ்ட் கோல் வந்தால் 23 பேரும் எழும்பிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு சதம் செலவில்லை, பட்டன் போன் போதும், கண் தெரியாதவருக்கும் முடியும்.

முதல் கிழமை ஒரு நாள்கூட வட்டம் முழுதாகச் சுற்றவில்லை. ஒருவருக்குச் சார்ஜ் இல்லை, ஒருவர் பூசையில், ஒருவர் மிஸ்ட் கோலைக் கண்டு திருப்பி எடுத்து அரை மணி நேரம் கதைக்கிறார். 23 கண்ணி உள்ள சங்கிலியில் எங்கே அறுந்தது என்று தேடுவதற்கே பத்து மணியாகிவிடும். பிறகு நாலாகப் பிரித்தோம்: மூன்று வளையத்தில் ஆறு ஆறு பேர், ஒன்றில் ஐந்து. அறுந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். படம் வரைபவரை ஒரு வளையத்துக்குத் தலைவராக்கினேன். அவரை யாரும் விசாரிக்கத் தேவையில்லை, அவர்தான் மற்றவர்களை விசாரிக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த மனுசன் ஆறு இருபத்தொன்பதுக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் எதையாவது எடுத்துச் செய்வதானால் இதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வியாழன் நாலு மணியையும் விடவில்லை. சாதாரண போனிலேயே ஒருவர் ஐந்து பேரை ஒரே கோலில் சேர்க்கலாம். வளையம் ஆறு பேராக இருந்தது அதற்கும் தோதாய்ப் போயிற்று. எடுக்கிறவருக்கு ஐந்து கோலின் காசு போகும் என்பதால் வட்டத்தின் உண்டியலில் இருந்து ரீலோட் போட்டுவிடுவோம். கதைக்கத் தொடங்குமுன் பெயர் சொல்ல வேண்டும், ரேடியோவில் செய்தி வாசிப்பவர் போல. அண்ணாவியார் மத்தளத்தை ஒதுக்கிவிட்டு வாயாலேயே தாளக்கட்டுச் சொன்னார். “ததித்துளாதக ததிங்கிணதிமிதக” என்று அவர் சொல்லி நிறுத்த, ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டு வயது டீச்சர் ஒருவர் இரண்டாம் முறையிலேயே பிடித்துக்கொண்டா. சேர்தான் கடைசிவரை ‘திமிதக’வை விழுங்கினார்.

இனிக் கொப்பி. எங்கள் வட்டத்தில் காது சுத்தமாகக் கேட்காத மூன்று பேர் இருந்தார்கள். போனில் கதைப்பது அவர்களுக்கு உதவாது. தெருத் தெருவாய்ப் பாண் விற்கும் ஓட்டோக்காரத் தம்பிக்கு ஊரடங்கிலும் ஓட பாஸ் கிடைத்திருந்தது. பாண் ஓட்டோக்கள் எல்லாம் போடும் பீதோவனின் அந்த ஒரே மெட்டை ஊதிக்கொண்டு எங்கள் தெருக்கள் எல்லாம் போய்வருபவன் அவன் ஒருவன்தான். இருநூறு பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்றை ஷொப்பிங் பையில் சுற்றி அவனிடம் கொடுத்தேன். ஒரு வீட்டில் கொடுப்பான், இரண்டு நாள் கழித்து வாங்கி அடுத்த வீட்டில் கொடுப்பான். அந்த நேரம் கடதாசியிலும் கிருமி ஒட்டும் என்ற பயம். வந்த கொப்பியை ஒரு நாள் முற்றத்தில் வெயிலில் வைத்த பிறகுதான் தொடுவது என்று மிஸ்ஸி சட்டம் போட்டா. “கொப்பிக்கும் குவாரண்டைனா?” என்று பாண்காரத் தம்பி சிரித்தான். “நீ கவனமாக் கொண்டு போ மனே” என்பேன்.

கொப்பியில் எதை எழுதுவது என்று முதலில் குழப்பம். கவிதை எழுதச் சொன்னால் எல்லோரும் கொரோனாவுக்குக் கவிதை எழுதிவிடுவார்கள், அதை யார் வாசிப்பது? ஊர்ச் சொல் எழுதுவோம் என்று விவசாயப் போதனாசிரியர்தான் சொன்னார். ஆளுக்கு ஒரு பக்கம். உங்கள் வீட்டில், உங்கள் உம்மம்மா அம்மம்மா சொன்ன சொல், அதற்கு அர்த்தம், எப்போது கேட்டீர்கள் என்ற கதை. ‘மறுகா’ (பிறகு), ‘கிறுகுதல்’ (திரும்புதல்) என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்தவற்றில் தொடங்கியது. பிறகு படுவான்கரை ஆட்கள் சூடுபோடும் (நெற்கதிர் மிதிக்கும்) களத்துச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, ‘பொலி’ என்றுதான் சொல்ல வேண்டும். தூற்றுவதற்கு ஏறி நிற்கும் முக்காலியான ‘அவுரி’யைப் படம் வரைபவர் அளவோடு கீறி, காலுக்குக் கால் எத்தனை அடி என்றும் குறித்துவிட்டார். அதற்குக் கீழே அண்ணாவியார் பென்சிலால், “கால் கொஞ்சம் அகலம் காணாது, இதில ஏறினா விழுவான்.”

அந்தக் கொப்பியில் ஒரு வெறும் பக்கம் இருக்கிறது. 2020 ஏப்ரல் தொடங்கி கொரோனாவில் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று விதி இருந்தது தெரிந்திருக்கும். சேர் முஸ்லிம், அவர்கள் எரிப்பதில்லை, அடக்கம்தான் செய்வார்கள். அவருடைய மச்சான் அந்த வருடக் கடைசியில் கொழும்பில் இறந்தார். எரித்தார்கள். காத்தான்குடி முடக்கப்பட்டிருந்ததால் கொப்பி சேரிடம் போய்ச் சேரவே நாளெடுத்தது. திரும்பி வந்தபோது அவருடைய பக்கத்தில் திகதி மட்டும் இருந்தது. அடுத்ததாக எழுத வேண்டிய டீச்சர் பக்கத்தைப் புரட்டி மறுபக்கத்தில் எழுதினா. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வியாழன் கோலில் மட்டும் சேர், “இண்டைக்கு நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறன்” என்பார். 2021 பெப்ரவரி கடைசியில் விதி மாறி, மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். அதற்கடுத்து வந்த அவருடைய முறையில் ஒரு சொல் இருந்தது: ‘மையவாடி: எங்கட ஆக்களை அடக்குற இடம்.’ கதை எழுதவில்லை.

சரிவராதவையும் சொல்ல வேண்டும். ஸ்மார்ட் போன்காரர்களுக்கு வட்ஸ்அப் குழு ஒன்று வைத்தோம். இரண்டு நாளில் கொத்தமல்லி, இஞ்சி, வெந்நீர் ஆவி என்று அனுப்பப்பட்ட செய்திகளால் நிரம்பிப்போயிற்று. 2020 டிசம்பரில், கொரோனாவைத் தீர்க்கும் என்று கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்தபோது எங்களிலும் ஒருவர், “ஆள் விட்டு எடுப்பமா?” என்று கேட்டு மிஸ்ஸியிடம் வாங்கிக்கட்டினார். குழுவை மூடிவிட்டேன். என்னைச் சர்வாதிகாரி என்றார்கள், பரவாயில்லை. அதற்கு மாறாக உண்மையில் உதவியது 2020 ஏப்ரலில் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. பெட்டிக்குள் என்ன குளிசை, எது காலை எது இரவு என்று மிஸ்ஸி போனில் வாசிக்கச் சொல்லிக் கேட்பா. கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் வேலை பழகியவர்கள் என்பதை நான் எல்லோரிடமும் மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன்.

2020 ஜூன் கடைசியில் ஊரடங்கு எடுபட்டதும் சில மாதம் நேரில் கூடினோம், கதிரைகளை முற்றத்தில் தள்ளித் தள்ளிப் போட்டு. ஒக்டோபரில் மறுபடி நின்றது. 2021 ஓகஸ்ட் 20 தொடங்கி ஒக்டோபர் 1 வரை போட்ட முடக்கம்தான் எங்களுக்கு மோசம். இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் என்னுடைய வளையத்தில் எனக்கு முந்தியவர், ஒவ்வொரு காலையும் கடைசி மிஸ்ட் கோல் அவருடையது. அவர் இறந்து எட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு அந்த நம்பர் அடித்தது. கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருடைய மனைவி. “அவர் குடுக்கிற கோல் தானே மாஸ்டர், நான் குடுக்கிறன்” என்றா. அவ வட்டத்தில் அங்கத்தவர் இல்லை. இப்போது அங்கத்தவர்.

2022இல், பொருளாதார நெருக்கடியில், பெற்றோலும் இல்லை, கரண்டும் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள். ஆட்கள் வாசிகசாலைக்கு வர வழியில்லாமல் பழையபடி வளையத்துக்கும் கொப்பிக்கும் போனோம். அது மூன்றாவது கொப்பி. பாண்காரத் தம்பியின் ஓட்டோவும் வீட்டில் நின்றதால் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வந்தான். மெட்டு ஊத பற்றரி இல்லை. கேற்றடியில் நின்று, “போஸ்ட்மாஸ்டர், தபால்!” என்று கத்துவான். முப்பத்தைந்து வருடம் நான் அனுப்பிக்கொண்டிருந்த சத்தம், எனக்கே வந்து கேட்டது.