மூவாயிரம் டாலர் என்று சொன்னது யார்?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 29. குழந்தைகளுக்கான டி.வி. கார்ட்டூன் எடுக்கும் நிறுவனத்தில் சவுண்ட் எடிட்டராக இருக்கிறேன். எங்கள் தொடரில் வரும் அணிலுக்குக் குரலும் நான்தான். கைக்கு 48,000 வருகிறது. அடிப்படைச் சம்பளம் 26,000. சேர்ந்து 4 வருடம் 3 மாதம் ஆகிறது. மனைவிக்குச் சம்பளம் 18,000. வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து மாதச் செலவு 52,000. எஃப்.டி. 1.5 லட்சம், பி.எஃப். சுமார் 2.3 லட்சம் இருக்கிறது. காஸ்டிங் பார்க்கும் ஒருவர், ஒரு படத்தில் நாயகனின் நண்பன் வேடம் இருக்கிறது, 25 நாள் கால்ஷீட், 2 லட்சம் தருவார்கள் என்கிறார். வேலையை விட்டு வந்தால்தான் பேச முடியுமாம். போட்டோஷூட்டுக்கும் கார்டுக்கும் 60,000 கட்டச் சொல்கிறார். பி.எஃப். எடுத்துக் கட்டலாமா? பழைய கார்ட்டூன் ஒன்றில் போர்க்கி என்ற பன்றி வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போகும். அதைப் போட்டுக் காட்டி ஆபீஸில் கேலி செய்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வளசரவாக்கம்

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சினிமா ஆசை தப்பே இல்லை. குரலை வைத்தே ஒரு அணிலுக்கு உயிர் கொடுக்கிறவருக்கு நடிப்பும் வரலாம். அதை நான் மதிப்பிட முடியாது. பணக் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்கிறேன்.

நண்பர்கள் கேலிக்குக் காட்டிய அந்தப் படத்தை நீங்கள் இன்னொரு தடவை பாருங்கள். 1940-ல் வந்த 'யூ ஆட் டு பி இன் பிக்சர்ஸ்'. ஹாலிவுட்டில் வார்னர் நிறுவனத்துக்காகக் கார்ட்டூன் எடுத்துக்கொடுத்த லியோன் ஷ்லெசிங்கர் அதில் தன் நிஜ உருவிலேயே வந்து நடிக்கிறார். ஓவியர்கள் மதியச் சாப்பாட்டுக்கு ஓடிவிட, அதே நிறுவனத்தின் இன்னொரு கார்ட்டூன் பாத்திரமான டாஃபி வாத்து போர்க்கியிடம் பேச்சுக் கொடுக்கிறது. கார்ட்டூனில் இருந்து என்ன கண்டாய், பெரிய படத்துக்குப் போ, வாரம் 3,000 டாலர், ஜோடி அன்றைய பெரிய நடிகை பெட்டி டேவிஸ் என்று ஏற்றிவிடுகிறது. போர்க்கி முதலாளி ஷ்லெசிங்கரிடம் போய் ஒப்பந்தத்தைக் கிழிக்க வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறது. பெரிய ஸ்டுடியோவில் வாசலைத் தாண்டவே காவலாளி விடுவதில்லை. இங்கே டாஃபியோ, காலியான அந்த இடத்துக்காக முதலாளி முன்னால் ஆடிப் பாடிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையில் எல்லோரும் பன்றியின் பேராசையைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. 3,000 டாலர் தருகிறேன் என்று எந்த ஸ்டுடியோவும் சொல்லவில்லை. சொன்னது டாஃபி. போர்க்கி வேலையை விட்டால் லாபம் யாருக்கோ, அவர் வாயிலிருந்துதான் அந்தத் தொகை வந்தது. உங்கள் 2 லட்சமும் அப்படித்தான் வந்திருக்கிறது. தயாரிப்பு நிறுவனம் சொல்லவில்லை, இயக்குநர் சொல்லவில்லை. உங்களிடம் 60,000 வாங்கப்போகிறவர் சொல்கிறார். படம் நின்றுபோனாலும், வேடம் வேறொருவருக்குப் போனாலும் அவருக்கு வரவேண்டியது வந்துவிடும்.

அதனால் அந்த 60,000-ஐ எந்தக் காரணம் கொண்டும் கட்டாதீர்கள். வேடத்துக்கு உங்களைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் உங்களுக்கு அட்வான்ஸ் தர வேண்டும். நீங்கள் அவர்களுக்குத் தரக்கூடாது. சங்க உறுப்பினர் கார்டு தேவைப்பட்டால் சங்க அலுவலகத்துக்கே நேரில் போய், கட்டணத்தைக் கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

பி.எஃப். பக்கமே போக வேண்டாம். 5 ஆண்டு தொடர்ந்த பணி முடியும் முன் எடுத்தால் அது வரிக் கணக்கில் சேரும் என்பது ஒரு விஷயம். அதைவிடப் பெரிய விஷயம், நாளைக்கு மாதச் சம்பளம் இல்லாத தொழிலுக்குப் போகிறவருக்கு ஓய்வுக்காலச் சேமிப்பு என்று இருப்பது இது ஒன்றுதான்.

சரி, வேலையை இன்றைக்கே விட்டால் என்ன ஆகும்? செலவு 52,000. மனைவி சம்பளம் 18,000 போக மாதம் 34,000 துண்டு விழும். எஃப்.டி. 1.5 லட்சம் நாலரை மாதம்கூடத் தாங்காது. 25 நாள் கால்ஷீட் என்றால் தொடர்ந்து 25 நாள் படப்பிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மாதம் நான்கு நாள், இரண்டு மாதம் கழித்து ஆறு நாள் என்று இழுக்கும். மிச்சப் பணம் டப்பிங் முடிந்தபிறகு என்பார்கள். டப்பிங் எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. பணம் வரவேண்டிய நாளில் வராது என்று வைத்துத்தான் சினிமாக்காரர் வீட்டு பட்ஜெட் போட வேண்டும்.

இன்னும் 9 மாதம் வேலையில் இருந்தால் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். இப்போது மாதம் 14,000 மிஞ்சுகிறது. 9 மாதத்தில் 1.26 லட்சம். அதோடு, ஐந்து வருடம் முடிவதால் கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடைக்கு, தகுதி வந்துவிடும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைப் பணியாற்றிய வருடங்களால் பெருக்க வேண்டும். 26,000 சம்பளத்துக்கு ஒரு வருடத்துக்கு 15,000. ஐந்து வருடத்துக்கு 75,000. எஃப்.டி.யோடு இதெல்லாம் சேர்ந்தால் கையில் 3.51 லட்சம். அந்த 34,000 துண்டைப் பத்து மாதம் தாங்கும். ஒன்பது மாதம் பொறுத்ததற்கு, தாக்குப்பிடிக்கும் காலம் இரண்டு மடங்குக்கு மேல். இன்று ராஜினாமா எழுதினால் அந்த 75,000-ஐ விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

இடையில் இந்த வேடம் உண்மையாகவே அமைந்தால்? சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். 25 நாளும் விடுப்பு எடுத்தால்கூட உங்களுக்கு நஷ்டம் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டாது. வேலையில் சேர்ந்தபோது தந்த நியமனக் கடிதத்தில், வெளியே நடிக்கக்கூடாது என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அந்தப் படத்தில் அடிபட்டுத் திரும்பும் போர்க்கியிடம் ஷ்லெசிங்கர், உன் ஒப்பந்தத்தை நான் நிஜமாகக் கிழிக்கவில்லை என்கிறார். போர்க்கிக்கு அது அதிர்ஷ்டம். உங்களுக்கு அது விடுப்புக் கடிதமாகக் கையில் இருக்க வேண்டும்.

அந்தப் படத்தை இயக்கிய ஃப்ரிஸ் ஃப்ரெலெங்கின் கதையும் இதேதான். அவர் 1937-ல் ஷ்லெசிங்கரை விட்டுவிட்டு எம்.ஜி.எம். என்ற இன்னொரு ஹாலிவுட் ஸ்டுடியோவுக்குப் போனார். அங்கே எடுத்த தொடர் எடுபடவில்லை. திரும்பி வந்தார், பழைய இடம் கிடைத்தது. அப்புறம் பல வருடம் வார்னர் கார்ட்டூன்களின் தூண்களில் ஒருவராக இருந்தார். போவது ஆபத்தில்லை, சண்டை போட்டுக்கொண்டு போவதுதான் ஆபத்து. அணிலுக்கு இன்னொரு குரலைப் பழக்கிக் கொடுத்துவிட்டு நல்லபடியாகக் கிளம்புங்கள்.

அதே சமயம், இருந்த இடத்திலேயே இருந்தால் பத்திரம் என்றும் நான் சொல்லமாட்டேன். போர்க்கி திரும்பி வந்த அதே 1940-ல், இரண்டே மாதம் கழித்து, அதே நிறுவனத்தின் பக்ஸ் பன்னி என்ற முயலின் முதல் படம் வந்தது. போர்க்கி மெல்ல இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. உங்கள் தொடரையும் சேனல் ஒருநாள் நிறுத்தலாம். அதனால்தான் இந்த 9 மாதத்தைச் சும்மா கழிக்க வேண்டாம் என்கிறேன்.

உங்களுக்குப் பொருத்தமான ஆள் போர்க்கியைவிட, போர்க்கிக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க்தான். சம்பள உயர்வு கேட்டபோது ஷ்லெசிங்கர் மறுத்ததாகவும், பதிலுக்குப் படத்தில் பெயர் போடச் சம்மதித்ததாகவும், அதைப் பார்த்து வானொலி வாய்ப்புகள் கூடியதாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கார்ட்டூனையும் விடவில்லை, வெளி வேலையையும் விடவில்லை. உங்கள் தொடரின் டைட்டிலில் உங்கள் பெயர் வருகிறதா? வரவில்லை என்றால் அடுத்த சீசனுக்கு அதைக் கேளுங்கள். நிறுவனத்துக்குச் செலவில்லாத விஷயம், ஆடிஷனில் உங்களுக்கு மதிப்புள்ள விஷயம்.

அணிலை உங்கள் சொத்து என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வால்ட் டிஸ்னியே 1928-ல் அதைக் கற்றுக்கொண்டார். ஆஸ்வால்ட் முயலை வைத்துத் தொடர் எடுத்துக்கொண்டிருந்தவர், கூடுதல் பணம் கேட்கப் போன இடத்தில் முயலின் உரிமை யுனிவர்சல் ஸ்டுடியோவுடையது என்று தெரிந்து கைவிட்டுவிட்டு வந்தார். டிஸ்னி நிறுவனத்துக்கு அந்த முயல் திரும்பக் கிடைத்தது 2006-ல். வெளியே போனபின் அந்த அணில் குரலில் விளம்பரம் பேசினால் வழக்கு வரலாம். புதிதாக எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும், உங்கள் குரலை ஏ.ஐ.யில் பயன்படுத்தும் உரிமையை எழுதி வாங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டியது மருத்துவக் காப்பீடு. வேலையோடு நிறுவனத்தின் குரூப் பாலிசியும் போய்விடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குத் தனிப் பாலிசியில் 3 வருடம்வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அது இப்போதே ஓடத் தொடங்கட்டும். குடும்பத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக ஃபேமிலி ஃப்ளோட்டர் எடுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது.

நடிப்புச் சம்பளத்தில் பொதுவாக 10 சதவீதம் டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் உங்கள் வருமானத்துக்குப் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் காஸ்டிங் ஆளிடம் இந்த வாரமே ஒன்று கேளுங்கள்: தயாரிப்பு நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், படத்தின் பெயர், நாட்கள், தொகை, அட்வான்ஸ் எவ்வளவு, மிச்சம் என்றைக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பணம் தரும் தேதியையும் ரத்து விதியையும் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.